அறுநூத்தம்பது ரூபா கார்டு

வாங்காதீக டீச்சர். யாரு சொன்னாலும் வாங்காதீக. உங்க தம்பி ஃபோன்ல காமிச்சாராக்கும்? எரநூத்தம்பத்தாறு ஜிபி மெமரி கார்டு, அறுநூத்தம்பது ரூபா, வீடு தேடி வரும். வரும், வரும். நல்லா வரும். வந்து என்ன பண்ணும்னு என்கிட்ட கேளுங்க.

உக்காருங்க. உங்க பாஸ்போர்ட் ஃபோட்டோ வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், பிரிண்டர் இப்பத்தான் சூடாகுது. எங்க வீட்டுக்காரவுக பாளையம்பட்டிக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருக்காக. அதுவும் நல்லதுதான். அவுக இருந்தா இந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. எடுத்தா எந்திரிச்சு உள்ள போயிருவாக.

போர்டுல தவசிலிங்கம்னு போட்டிருக்கே, அவுகதான். இந்தக் கடையில கேமரா அவுக கையில, மத்ததெல்லாம் என் கையில. ஆல்பம் டிசைன் பண்றது, பிரிண்டுக்கு அனுப்புறது, சாமான் வாங்குறது எல்லாம் நான்தான். பதினெட்டு வருசமா. ஒரு பேட்டரி வாங்குனாலும் நாலு கடை ஏறி எறங்கித்தான் வாங்குவேன். அவுகளை அனுப்புனா கடைக்காரன் சொன்ன விலையைக் குடுத்துட்டு, அவன் புள்ளைகளையும் நலம் விசாரிச்சுட்டு வருவாக.

போன வருசம் புதுக் கேமரா எடுத்தோம். அதுல கார்டு போட ரெண்டு எடம் இருக்கு. ஒண்ணுல நம்ம எல்லாரும் போடுற சாதாரணக் கார்டு போகும். இன்னொண்ணுல தடிமனா, உடைச்ச பிஸ்கட் மாதிரி ஒரு கார்டு போகும். அது ஒண்ணு பன்னெண்டாயிரம். பன்னெண்டாயிரம் டீச்சர்! ரெண்டுலயும் கார்டு போட்டுட்டா எடுக்கிற ஒவ்வொரு படமும் ரெண்டுலயும் ஏறும், ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல இருக்கும்னாக. 'ஒரே படத்தை எதுக்கு ரெண்டு தடவை எழுதணும்? ஒரே பொண்ணுக்கு ரெண்டு தாலியா கட்டுறாக?'ன்னு கேட்டேன். பேசாம இருந்துட்டாக. நான் சொன்னது நியாயம்னு பட்டிருக்கும்.

சாதாரணக் கார்டுலயாவது நல்லதா வாங்கலாம்னாக. அதுலயும் ஒரே அளவு கார்டு மூவாயிரத்துக்கும் இருக்கு, ஏழாயிரத்துக்கும் இருக்கு. என்ன வித்தியாசம்னு கேட்டா ஒரு பாடமே நடத்துவாக. கார்டு முகத்துல எரநூறு, எரநூத்தம்பதுன்னு பெருசா போட்டிருக்கிறது படத்தை வெளிய எடுக்கிற வேகமாம். உள்ள எழுதுற வேகத்தை எவனும் பெருசா போட மாட்டானாம். ஓரத்துல 'வி'ன்னு போட்டு முப்பது, அறுபது, தொண்ணூறுன்னு ஒரு பொடி நம்பர் இருக்கும், அதைத்தான் பாக்கணுமாம். எந்த நேரத்துலயும் செகண்டுக்கு அவ்வளவு எம்பி கட்டாயம் எழுதும்னு அதுக்கு அர்த்தமாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. 'நம்ம எடுக்கிறது கல்யாணம். மாப்பிள்ளை என்ன பந்தயத்துலயா ஓடுறாரு?'ன்னேன். அதுக்கும் பேசாம இருந்துட்டாக.

அவுக பேசாம இருக்கிறதுதான் இந்த வீட்டுல எல்லாப் பிரச்சினைக்கும் காரணம். நான் சொல்றதை எழுதி வச்சுக்கோங்க.

சரி, விசயத்துக்கு வாறேன். எங்ககிட்ட எரநூத்தம்பத்தாறு ஜிபி கார்டு ஒண்ணு இருந்துச்சு. நல்ல கார்டு. அது ஓரத்துல விரிஞ்சுபோச்சு. நான்தான் பாத்தேன். அவுககிட்ட சொன்னா திரும்ப பன்னெண்டாயிரத்துல ஆரம்பிப்பாகன்னு, ஆல்பம் அட்டை எடுக்க மதுரைக்குப் போனப்ப நானே விசாரிச்சேன். நாலு கடை. மூணு கடையில மூவாயிரத்துக்குக் கீழ ஒருத்தனும் எறங்கல. நாலாவது, ஒரு சந்துக்குள்ள இருந்துச்சு. அந்தப் பையன் 'அக்கா, உங்களுக்காக எண்ணூறு'ன்னான். அறுநூத்தம்பதுக்கு முடிச்சேன். அதே கம்பெனி பேரு, அதே கலரு, அதே அளவு. பில்லு போட்டா கூட ஆகும்னான். பில்லை வச்சு நான் என்ன சாமி கும்பிடவா போறேன்? வேண்டாம்னுட்டேன்.

இவுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுக் கார்டு எது வந்தாலும் கம்ப்யூட்டர்ல சொருகி, வாய் வரைக்கும் எதையாச்சும் ரொப்பி, ரொப்புனது அப்படியே திரும்பி வருதான்னு பாப்பாக. அதுக்கு அரை நாள் போயிரும். அந்த அரை நாளும் கம்ப்யூட்டர் எனக்குக் கிடையாது. அது வைகாசி மாசம், மூணு ஆல்பம் கையில நிக்குது. அதனால புதுசைப் பழைய கார்டோட டப்பாவுல போட்டு வச்சேன். மறைச்சேன்னு நினைச்சுறாதீக. பத்திரமா இருக்கட்டும்னு வச்சேன். பழசுதான்னு அவுகளா நினைச்சுக்கிட்டா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

அந்த வாரந்தான் செண்பகவல்லி கல்யாணம்.

செண்பகவல்லி யாருன்னா, தறிக்கூடம் வச்சிருக்காரே காசிராசன், அவரு மக. காசிராசனுக்கு ஒரு அண்ணன், நல்லமணி. ரெண்டு பேருக்கும் பதினாலு வருசமாப் பேச்சுவார்த்தை கிடையாது. சொத்துச் சண்டைன்னு நினைப்பீக. அதுதான் இல்லை. அவுக அப்பா செத்தப்ப கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சாக. அடிக்கக் குடுத்தது சின்னவரு. போஸ்டர்ல கீழ வரிசையில மகன்கள் படம். அதுல சின்னவரு படம் உள்ளங்கை அளவு, பெரியவரு படம் தபால்தலை அளவு. பிரஸ்காரன் பண்ணுன கோளாறு. எங்க கடையில அடிச்சது இல்லை, நல்லவேளை. ஊரு பூராம் ஒட்டியாச்சு. பெரியவரு ஒவ்வொரு செவருக்கும் போய்த் தன் படத்தை மட்டும் கிழிச்சுட்டு வந்தாராம். அன்னைக்கு நின்ன பேச்சு.

அந்தப் பொண்ணுதான் பெரியப்பா வராம மணையில உக்கார மாட்டேன்னு அடம் புடிச்சுட்டா. நேரா அவரு வீட்டுக்கே போய்ப் பத்திரிகை வச்சா. அவரு வாறேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. முகூர்த்தம் முடிஞ்சுபோச்சு. தாலி கட்டி ஒரு மணி நேரம் கழிச்சு மண்டபத்து வாசல்ல வந்து நின்னாரு. செருப்பைக்கூடக் கழட்டாம நின்னாராம். சின்னவரு மேடையில இருந்து எறங்கி ஓடி, ஒரு வார்த்தை பேசாம அவரு கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்து மேடையில ஏத்தினாரு. மண்டபமே எந்திரிச்சு நின்னுருச்சு. எங்க வீட்டுக்காரவுக அதை எட்டுப் படம் எடுத்தாக.

மதியம் வீட்டுக்கு வந்து, நான் சோறு போடப் போட, 'மாரி, ஆயிரம் கல்யாணம் எடுத்திருப்பேன். இன்னைக்கு எடுத்தேன் பாரு ஒரு படம்'னாக. அவுக வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்லை.

சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டுக் கார்டைக் கம்ப்யூட்டர்ல போட்டாக. முந்தின நாள் பொண்ணழைப்பு இருக்கு. முகூர்த்தம் இருக்கு. தாலி கட்டுறது இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. ஃபைல் பேரெல்லாம் வரிசையா இருக்கு, தொறந்தா சாம்பல் கலருல ஒரு கட்டம். எட்டும் கட்டம். கேமராவுல எடுத்த உடனே பாத்தப்ப எட்டும் தெரிஞ்சுச்சாம்.

அது எப்படின்னா டீச்சர், வாசல்ல எரநூத்தம்பத்தாறு ரூம்னு போர்டு மாட்டுன லாட்ஜுல உள்ள முப்பத்திரண்டு ரூம்தான் இருக்குன்னு வச்சுக்கோங்க. முப்பத்திமூணாவது ஆளு வந்தா வாங்க வாங்கன்னு கூப்பிட்டு, ரெஜிஸ்டர்ல பேரையும் எழுதிக்கிருவான். ரூம் கிடையாது. ரெஜிஸ்டர்ல பேரு இருக்கும், ஆளு எங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. அந்தக் கார்டுக்குள்ள இருந்தது வெறும் முப்பத்திரண்டு ஜிபி. எரநூத்தம்பத்தாறுன்னு கேமராகிட்டயே பொய் சொல்லச் சொல்லி செஞ்சிருக்கான், படுபாவி!

அவுக கார்டை வெளிய எடுத்தாக. திருப்பிப் பாத்தாக. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை பாத்தாக. அப்புறம் என்னைப் பாத்தாக. 'இது எப்ப வாங்குனது?'ன்னாக. நான் சொன்னேன். எவ்வளவுக்குன்னு கேக்கல. டப்பாவைப் பத்திக் கேக்கல. கார்டை மேசையில வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. அவ்வளவுதான். ஒரு சத்தம் போடுறது? ஒரு டம்ளரைத் தூக்கி எறியுறது? எத்தனை வீட்டுல நடக்குது. எனக்கு நடக்காது.

கார்டை மதுரையில ஒரு எடத்துக்குக் கொண்டுபோனேன், அழிஞ்ச படத்தை மீட்டுக் குடுப்பாகளே, அங்க. அங்க வேலை பாக்குற பொண்ணு பாத்துட்டு, 'அழிஞ்சிருந்தா மீட்கலாம்மா. இதுல எழுதவே இல்லை. எதை மீட்குறது?'ன்னுருச்சு. அங்க இருந்து நேரா அந்தச் சந்துக்குப் போனேன். 'அக்கா, இது எங்க கடையில வாங்குனதுக்கு என்ன ஆதாரம்?'ங்கிறான். அக்காவாம், அக்கா! ஒரு மணி நேரம் அவன் கடை வாசல்ல நின்னு, உள்ள போற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். ஆறு பேரைத் திருப்பி அனுப்புனேன். அப்புறம் ஒரு போலீஸ்காரர் வந்து, 'கிளம்பும்மா, பஸ்ஸு போயிரும்'னாரு.

நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள இவுக என்ன பண்ணியிருக்காக தெரியுமா? நேரா காசிராசன் வீட்டுக்குப் போயி, 'அண்ணாச்சி, என் தப்பு. கார்டைச் சோதிக்காம எடுத்துட்டேன்'னு கையைக் கட்டிக்கிட்டுச் சொல்லிட்டு வந்திருக்காக. என் தப்பாம்! கார்டுக்காரன் ஏமாத்திட்டான்னு சொன்னா நாக்கு தேஞ்சா போகும்? நாளைக்கு எவன் நம்ம கடைக்கு வருவான்?

ஃபோன்ல ஒருத்தரும் எடுக்கலையான்னு கேக்குறீக. எல்லாரும் அதைத்தான் கேக்குறாக. வீடியோக்காரரு பந்தியை எடுக்கப் போயிட்டாரு. மண்டபத்துல அத்தனை ஃபோன் இருந்துச்சு, வச்சிருந்ததுக எல்லாம் அழுதுக்கிட்டு நின்னுருக்குக. ஒரே ஒரு படம் கிடைச்சுச்சு. அதுல பெரியவரு முதுகு மட்டும் இருக்கு, அதுவும் அசைஞ்சுபோயி.

இந்தச் சேதி பெரியவரு காதுக்குப் போச்சு. அவரு என்ன சொன்னாருங்கிறீக? 'அன்னைக்குப் போஸ்டர்ல சின்னதாக்குனான். இன்னைக்கு இல்லாமலே ஆக்கிட்டான்.' தம்பிதான் அழிக்கச் சொன்னாருன்னே முடிவு பண்ணிட்டாரு! சின்னவருக்கு வந்துச்சே கோவம். 'நான் ஓடிப்போய்க் கையைப் புடிச்சேன். ஊரு பாத்துச்சு. அதுக்கு மேல அவனுக்கு என்ன வேணும்?'னு அவரும் கதவைச் சாத்திட்டாரு. பதினாலு வருசம் கழிச்சு ஒட்டுனது பதினாலு நாளு தாங்கல. செண்பகவல்லி புகுந்த வீட்டுல, திருப்பூர்ல இருந்து எனக்குப் போன் போட்டு, 'அக்கா, ஆல்பமே வேண்டாம், அந்த ஒரு படம் எங்கயாவது இருக்கான்னு பாருங்கக்கா'ன்னு அழுவுறா. எங்க வீட்டுக்காரவுக ரெண்டு வீட்டுக்கும் மாறி மாறி நடந்தாக, திரும்ப ஒரு தடவை சேந்து நில்லுங்கன்னு. 'அவன் என் வீட்டுக்கு வரட்டும்'னு பெரியவரு. 'அவரு இங்க வரட்டும்'னு சின்னவரு.

நான் பாத்தேன். இது ஒரு பெரிய விசயமா? எங்க வீட்டுக்காரவுக பள்ளிக்கூடத்துக்குக் குரூப் ஃபோட்டோ எடுக்கப் போன அன்னைக்கு, மத்தியானமே உக்காந்து முடிச்சுட்டேன். சின்னவரு படம் முகூர்த்தத்துல நிறைய இருக்கு. பெரியவரு தை மாசம் பென்சன் விசயமா நம்ம கடையில வந்து ஃபோட்டோ எடுத்தாரு, அதுவும் இருக்கு. ரெண்டையும் வெட்டிப் பக்கத்துல பக்கத்துல நிறுத்துனேன். நின்னுச்சு. ஆனா வெறைப்பா, ஏதோ ஜாமீன்ல வந்தவுக மாதிரி இருந்துச்சு. அதனால அண்ணன் தம்பி தோளுல கை போட்ட மாதிரி வச்சேன். பென்சன் ஃபோட்டோவுல ஏது கை? சம்பந்தி இன்னொரு படத்துல யாரு தோளுலயோ கை போட்டிருந்தாரு. அந்தக் கையை எடுத்து ஒட்டுனேன். அவ்வளவு சுத்தமான வேலை டீச்சர், தையல் தெரியாது. பெருசா பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, ரெண்டு வீட்டுக்கும் ஆட்டோவுல அனுப்பி வச்சேன். எல்லாம் என் செலவு. அவுககிட்ட சொல்லல. நல்லபடியா முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

மறுநாள் காலையில பத்து மணிக்குக் கடை வாசல்ல ஒரு டிவிஎஸ் ஃபிப்டி வந்து நிக்குது. ஓட்டிக்கிட்டு வந்தது பெரியவரு. பின்னாடி சின்னவரு, மடியில ஃபிரேமை நட்டக்குத்தலா வச்சுக்கிட்டு. எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. வண்டியை விட்டு எறங்குறதுக்குள்ளயே பெரியவரு ஆரம்பிச்சுட்டாரு.

'ஏம்மா, இது யாரு கை?'

நான் ஃபிரேமை எட்டிப் பாக்குறேன்.

'எனக்கு ஏதும்மா பச்சைக்கல்லு மோதிரம்? நான் பிறந்ததுல இருந்து மோதிரம் போட்டது கிடையாது!'

'காலையில அண்ணன் இதைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு, சண்டைக்கு. நான் பாத்த உடனே சொல்லிட்டேன், இது சம்பந்தி கைன்னு'ங்கிறாரு சின்னவரு.

'நான் இவன் தோளுல கையே போடல. இவன்தான் என் மணிக்கட்டைப் புடிச்சு இழுத்தான். ரெண்டு நாளு வலிச்சுச்சு.'

'புடிச்சது நெசம். இதுல அதைக் காணோம். நடக்காததை எதுக்கும்மா ஃபிரேம் போட்டுக் குடுக்குற?'

ரெண்டு பேரும் ஒருத்தரு விட்ட எடத்துல ஒருத்தரு தொடர்ந்து என்னைக் கிழிக்கிறாக. நேத்து வரைக்கும் மூஞ்சியில முழிக்காத ஆளுக! என்னைத் திட்டுறதுக்கு மட்டும் என்ன ஒத்துமை! ஒரு நன்றி உண்டா? ஆட்டோ காசாச்சும் உண்டா?

சத்தம் கேட்டு அவுக உள்ள இருந்து வந்தாக. கழுத்துல கேமரா. ஃபிரேமைக் கையில வாங்கிப் பாத்தாக. பிறகு அதைச் செவத்தைப் பாக்கத் திருப்பி வச்சுட்டு, 'அண்ணாச்சி, அன்னைக்கு எப்படி நின்னீங்க?'ன்னாக.

'இப்படித்தான்'னு சின்னவரு அண்ணன் கையைப் புடிச்சாரு.

'இந்தக் கை இல்லைடா, இடது கை.'

'இடது கையில நீ செருப்பை வச்சிருந்த.'

'செருப்பை நான் கழட்டவே இல்லையேடா!'

புடிச்ச கையை விடாமலே வாக்குவாதம். இவுக கேமராவைக் கண்ணுல வச்சாச்சு. அப்பப் பாத்து பெரியவரு இவுக பக்கம் திரும்பிட்டாரு. 'ஏம்ப்பா, முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்க. ஒரு கார்டு நல்லதா கெட்டதான்னு பாக்கத் தெரியாதா உனக்கு? உன் அலட்சியத்தாலதான இம்புட்டும்? நீயெல்லாம் எதுக்கு ஃபோட்டோ புடிக்கிற?'

இவுக என்ன சொன்னாகன்னு நினைக்கிறீக? 'ஆமாண்ணாச்சி. என் தப்புதான்.' கேமராவை எறக்காமலே சொல்றாக.

எனக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல டீச்சர். மேசையைச் சுத்திக்கிட்டு வந்து அந்த ரெண்டு பேரு முன்னாடியே நின்னு கத்துனேன். 'அவுகளைச் சொல்லாதீக! கார்டை வாங்குனது நான். டப்பாவை மாத்தி வச்சது நான். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. யாரும் அவுகளை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது!'

தெருவுல போனவுகளெல்லாம் நின்னுட்டாக. பெரியவரும் சின்னவரும் வாயைத் தொறந்தபடி என்னையே பாக்குறாக. அந்த நேரத்துல எங்க வீட்டுக்காரவுக அமுக்கிட்டாக, பட்டனை.

நல்லா வந்திருக்கு, இல்லைங்கல. அண்ணனும் தம்பியும் கையைக் கோத்துக்கிட்டு, ரெண்டு பேரு முகத்துலயும் ஒரே திகைப்பு, ஒரே சாடை. யாரு பாத்தாலும் ஒரு வயித்துப் புள்ளைகன்னு சொல்லிருவாக. ஆனா ஓரத்துல நானு. தலை கலைஞ்சு, ஒரு கையை ஓங்கிக்கிட்டு, ராட்சசி மாதிரி. 'என்னை வெட்டிருங்க, ரெண்டு நிமிச வேலை, நானே வெட்டித் தாறேன்'னேன். வேண்டாம்னாக. 'அசிங்கமா இருக்கு'ன்னேன். அப்பத்தான் டீச்சர், ஒரு மாசம் கழிச்சு, என் மூஞ்சியை நேரா பாத்தாக. 'நடந்தது இதுதான மாரி. இருக்கட்டும்'னாக.

இருக்கட்டுமாம். அந்தப் பொண்ணு அதை ஆல்பத்துல முழுப் பக்கம் போட்டே ஆகணும்னுட்டா. இப்ப காசிராசன் வீட்டுக்கு யாரு வந்தாலும் பொரட்டிப் பாத்துட்டு, 'கல்யாண ஆல்பத்துல இது யாரு, சுங்குடிச் சேலையோட நின்னு கத்துறது?'ன்னு கேக்குறாகளாம். அந்த ரெண்டு கிழவரும் ஒருத்தரை முந்திக்கிட்டு ஒருத்தரு பதில் சொல்றாகளாம்.